காத்திருக்க இயலாத முறிவு

மனித உடலிலுள்ள எலும்புகள் 206 என்று பள்ளிப் பாடங்களில் படித்திருப்பீர்கள். அவற்றுள் மிக நீண்டதும் மிக வலியதும் தொடையெலும்பு. அதன் மேல்முனை பந்துபோல் உருண்டு, இடுப்பிலுள்ள கிண்ணம் போன்றதொரு குழியிற் பொருந்தி நிற்கிறது. பந்தையும் நீண்ட தண்டையும் இணைக்கும் பகுதி சற்றே ஒடுங்கிச் சாய்வாக அமைந்திருக்கிறது. மருத்துவ நூலார் அதனைக் கழுத்து என்று அழைப்பர். நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் பாரம் இந்தச் சாய்ந்த கழுத்தின் வழியாகவே காலுக்கு இறங்குகிறது. இளமையில் இது எளிதில் முறிவதில்லை. முதுமையிலோ, அதிலும் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, எலும்பின் உள்ளே தேன்கூடு போலப் பின்னிக் கிடக்கும் வலை மெலிந்துவிடுகிறது. குளியலறையில் ஒரு வழுக்கல், வாயிற்படியில் ஒரு தடுக்கல் போதும், கழுத்து முறிந்துவிடும். "பாட்டிக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது" என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் இந்த முறிவைத்தான்.

நான் மருத்துவன் அல்லேன், சரித்திரம் பயில்பவன். ஓர் எலும்பின் முறிவைப் பற்றிச் சரித்திரம் பயில்பவன் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது, மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக் கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எதை நிறுத்தலாம், எதை நிறுத்தலாகாது என்னும் கேள்வி அன்று எழுந்தது. நிறுத்தலாகாது என்று விடப்பட்ட மிகச் சிலவற்றுள் முதியோரின் தொடையெலும்பு முறிவுக்குரிய அறுவையும் ஒன்று. முதியோரை மற்றெவரையும்விட அந்நோய் கொடுமையாகத் தாக்கிய காலத்தில், முதியோருக்கே பெரிதும் உரிய இந்த அறுவை ஏன் நிறுத்தப்படவில்லை? அவ்வாறு செய்ததன் பயன் என்ன? இதற்கு விடை காண வேண்டுமானால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே 16-ஆம் நூற்றாண்டிலேயே இம்முறிவைக் கண்டு குறித்திருக்கிறார். ஆயினும் இதனைத் தெளிவாக வகைப்படுத்தியவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சர் ஆஸ்ட்லி கூப்பர் என்பவரே. மூட்டுகளின் பிறழ்வுகளையும் முறிவுகளையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1822-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அவ்வுறைக்கு உள்ளே நேரும் முறிவு வேறு. வெளியே நேரும் முறிவு வேறு. வெளியே முறிந்த எலும்பு காலப்போக்கிற் கூடிவிடுகிறது. உள்ளே முறிந்ததோ பெரும்பாலும் கூடுவதில்லை. பந்துக்கு உணவூட்டும் மெல்லிய இரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே செல்கின்றன. கழுத்து முறியும்போது அவையும் அறுபடுகின்றன. நீர் வரத்து அற்ற வயல் போலப் பந்து வாடிவிடுகிறது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-ஆம் ஆண்டில். அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே, கையால் தொட்டும், இறந்தோர் உடலை ஆய்ந்தும் கூப்பர் இவ்வுண்மையை உணர்ந்தார் என்பது வியப்புக்குரியது.

கூப்பர் கண்ட மற்றோர் உண்மையும் உண்டு. முதியவரை நெடுநாள் படுக்கையில் கிடத்திவைத்தால், எலும்பு கூடுவதற்கு முன்னே உயிர் போய்விடும் என்பதே அது. ஆதலின் உறைக்கு உள்ளே முறிந்தவர்களைச் சில வாரங்களுக்கு மேல் கிடத்தாமல், வலி தணிந்ததும் எழுப்பி உட்காரவைத்து, ஊன்றுகோலுடன் நடக்கப் பழக்குமாறு அவர் அறிவுரை கூறினார். முறிவு கூடாமற் போனாலும் மனிதர் பிழைத்திருக்கட்டும் என்பது அவர் கருத்து.

படுக்கை எப்படிக் கொல்லும் என்று கேட்பீர்கள். அசையாமல் கிடக்கும் முதியவரின் நுரையீரல் அடிப்பகுதியில் சளி தேங்குகிறது, நிமோனியா காண்கிறது. முதுகிலும் பிட்டத்திலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உண்டாகிறது. காலின் நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகி, சில வேளை நுரையீரலுக்கு ஏறி உயிரைப் பறிக்கிறது. வலியினாலும் உறக்கமின்மையினாலும் அறிவு தடுமாறுகிறது. தசைகள் நாளுக்கு நாள் மெலிகின்றன. ஒடிந்தது ஓர் எலும்புதான். வீழ்வதோ முழு உடல்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்து ராயல் விட்மன் என்பவர், காலை அகல விரித்து உள்ளே திருப்பி, மார்பு முதல் பாதம் வரை மாவுக்கட்டுப் போடும் முறையை வகுத்தார். அதனால் எலும்புகள் சில கூடின. எனினும், எழுபது எண்பது வயதினரை வாரக்கணக்கில் அந்தக் கட்டுக்குள் வைத்திருப்பது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எலும்பைக் காக்க முயன்றால் ஆளை இழக்க நேர்ந்தது. ஆளைக் காக்க முயன்றால் எலும்பைக் கைவிட நேர்ந்தது.

1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்ஸாக் கொள்ளை நோய் உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டபோது மருத்துவம் இந்நிலையில்தான் இருந்தது. அந்நாளில் இடுப்பு முறிந்த முதியவருக்கு அறுவை செய்வதா, தள்ளிப்போடுவதா என்னும் கேள்வியே பெரும்பாலும் எழுந்திராது. செய்வதற்கு உறுதியான அறுவை முறை ஏதும் அப்போது நிலைபெற்றிருக்கவில்லை.

அக்கொள்ளை நோய்க்கு ஏழாண்டுகளுக்குப் பின், 1925-ஆம் ஆண்டில், வழி திறந்தது. நார்வே நாட்டிற் பிறந்து இளம் வயதிலேயே அமெரிக்காவிற்குக் குடியேறிய மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் என்பவர், பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் ஓர் எஃகு ஆணியைக் கொண்டு முறிந்த கழுத்தைத் தைத்தார். சாதாரண ஆணி உருண்டையாக இருக்கும்; அதனைச் சுற்றிப் பந்து சுழன்றுவிடக்கூடும். அவர் செய்த ஆணிக்கு மூன்று சிறகுகள் இருந்தன. அவை எலும்பைச் சுழலவிடாமல் பற்றிக்கொண்டன. எலும்பின் பொருளையும் மிகுதியாகச் சிதைக்கவில்லை. 1931-ஆம் ஆண்டில் அவர் தம் அனுபவங்களை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே சுவீடன் நாட்டு ஸ்வென் யோஹான்சன் அந்த ஆணியின் நடுவே துளையிட்டு, முதலில் ஒரு கம்பியைச் செலுத்தி, அது சரியான இடத்தில் நிற்கிறதா என்று எக்ஸ் கதிர்ப் படத்தில் பார்த்து, பிறகு கம்பியின் மேலாகவே ஆணியைச் செலுத்தும் முறையை எழுதினார். மூட்டைப் பெரிதாகத் திறக்க வேண்டிய தேவை அதனால் நீங்கியது.

ஆணி அடித்தும் இரத்த ஓட்டமின்றி வாடும் பந்துக்கு என் செய்வது? 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலைனாவைச் சேர்ந்த ஆஸ்டின் மூர், ஹெரால்ட் போல்மன் என்பவருடன் சேர்ந்து, கட்டியினால் அழிந்த தொடையெலும்பின் மேற்பகுதியை நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தாலான பகுதியைப் பொருத்தினார். 1950-களில் தண்டுடன் கூடிய உலோகப் பந்துகள் வழக்கிற்கு வந்தன. வாடும் பந்தை நீக்கி உலோகப் பந்தை வைத்துவிட்டால், எலும்பு கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மறுநாளே எழுந்து நிற்கலாம். கூப்பர் காலத்து இக்கட்டு இவ்வாறு அவிழ்ந்தது. எலும்பையும் ஆளையும் ஒருங்கே காக்க வழி பிறந்தது.

ஆனால் ஆணியும் பந்தும் மட்டும் போதுமானவையல்ல என்பதை மற்றொரு துறையினர் உணர்த்தினர். 1935-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவர், 714 படுக்கைகள் கொண்ட ஏழையர் மருத்துவ விடுதியின் பொறுப்பை ஏற்றார். நெடுங்காலமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியோர் அங்கே நிறைந்திருந்தனர். ஒவ்வொருவரையும் அவர் தனித்தனியே சோதித்தார், நோயைக் கண்டறிந்தார், நடக்கக்கூடியவர்களை நடக்கப் பழக்கினார். இனித் தேறமாட்டார் என்று விடப்பட்டவர்களுள் பலர் எழுந்தனர். சிலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை இங்கிலாந்தில் தோன்றியதற்கு இவருடைய பணி பெருங்காரணம் என்பர்.

இவ்விரு துறைகளும் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஆங்கிலக் கடற்கரை நகரில் ஒன்றுகூடின. எலும்பு மருத்துவர் மைக்கேல் டெவாஸும் முதியோர் மருத்துவர் இர்வினும் ஒரே வார்டில், ஒரே நோயாளியை, ஒருங்கே கவனித்தனர். அறுவை முடிந்தால் தம் வேலை முடிந்தது என்று எலும்பு மருத்துவர் போய்விடவில்லை. நோயாளியின் இதயம், சிறுநீரகம், உணவு, உறக்கம், நடை, வீடு திரும்பும் வழி ஆகியவற்றை முதியோர் மருத்துவர் பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தது கணக்கு. 1988-ஆம் ஆண்டில் சுவீடன் நாடு இம்முறிவுக்கென்றே ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. 1993-இல் ஸ்காட்லாந்து பின்தொடர்ந்தது. 2007-ஆம் ஆண்டில் பிரிட்டனில் தேசிய இடுப்பு முறிவுக் கணக்கேடு அமைந்தது. நோயாளி எப்போது வந்தார், எத்தனை மணி நேரத்தில் அறுவை நடந்தது, முதியோர் மருத்துவர் பார்த்தாரா, மறுநாள் எழுந்தாரா, 30 நாள்களுக்குப் பின் உயிரோடிருக்கிறாரா என்று ஒவ்வொரு மருத்துவமனையும் எழுதிவர வேண்டும். 2010 முதல் இங்கிலாந்தில் 36 மணி நேரத்திற்குள் அறுவை உள்ளிட்ட விதிகளை நிறைவேற்றிய மருத்துவமனைகளுக்கு மிகுதியான கட்டணம் வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் முறிவு நேர்ந்து 30 நாள்களுக்குள் இறந்தோர் 2007-இல் நூற்றுக்கு 10.9, 2011-இல் நூற்றுக்கு 8.5. எந்தப் புதிய மருந்தாலும் வந்த மாற்றமன்று இது. கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்ததாலும், செய்ததை ஏட்டில் எழுதியதாலும் வந்த மாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது 2020-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், கனடா நாட்டினர் தலைமையில் 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில், 2,970 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஒரு பேராய்வின் முடிவு வெளிவந்தது. முறிவு கண்டறியப்பட்டபின் ஒரு பிரிவினருக்கு நடுத்தர அளவில் 6 மணி நேரத்தில் அறுவை. மறு பிரிவினருக்கு 24 மணி நேரத்தில். 90 நாள்களில் இறந்தோர் முன்னதில் நூற்றுக்கு 9, பின்னதில் 10. இவ்வேறுபாடு உறுதியாகக் கொள்ளத்தக்கதன்று. ஆயினும் விரைந்து அறுவை பெற்றோர் விரைவில் எழுந்தனர், விரைவில் வீடு திரும்பினர். அறிவுத் தடுமாற்றமும் அவர்களிடையே குறைவாயிருந்தது. ஒரு நாளுக்குள் செய்துவிடும் வழக்கம் நிலைபெற்றபின், அந்த ஒரு நாளை இன்னும் எத்தனை மணியாகக் குறைக்கலாம் என்று உலகம் ஆராய்ந்துகொண்டிருந்த நேரம் அது.

இரு வாரங்களுக்குள் வட இத்தாலியில் கொரோனா வெடித்தது. மார்ச் 6-ஆம் நாள் இத்தாலிய மயக்க மருத்துவர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இடமளிப்பதற்கு வயது வரம்பு வகுக்க நேரிடலாம் என்று அது கூறிற்று. மார்ச் 11-இல் உலக சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 14-இல் ஸ்பெயின் நெருக்கடி நிலையை அறிவித்தது. மார்ச் 23-இல் பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நாள் குறித்துச் செய்யக்கூடிய அறுவைகள் யாவும் ஒத்திவைக்கப்பட்டன. நெருக்கடி மிகுந்த 12 வாரங்களில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் அறுவைகள் ஒத்திவைக்கப்படவோ கைவிடப்படவோ நேரும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

சாலைகள் வெறிச்சோடின, விபத்துகள் குறைந்தன. ஆடுகளங்கள் மூடப்பட்டன, அங்கு நேரும் காயங்களும் குறைந்தன. ஆனால் முதியோரின் இடுப்பு முறிவுகள் அந்த அளவிற்குக் குறையவில்லை. காரணம் எளிது. இவை சாலையில் நேர்வன அல்ல, வீட்டிற்குள் நேர்வன. ஊரடங்கு கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள பத்தடி தூரத்தைக் காவல் செய்ய இயலாது.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணி மார்ச் மாதத்திலேயே எலும்பு மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வழங்கியது. தொடையெலும்பு முறிந்தோரை அனுமதித்து அறுவை செய்தே ஆக வேண்டும், காலதாமதம் கூடாது, விரைவில் நடக்கப் பழக்கி வீட்டிற்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். முழு மயக்கத்திற்காகத் தொண்டையில் குழாய் செலுத்தும்போது கிருமிகள் காற்றிற் பரவும் அபாயம் உண்டு. ஆகையால் இயன்றவர்க்கெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்பிற்குக் கீழ் மரத்துப்போகச் செய்து அறுவை செய்வது பெரிதும் விரும்பப்பட்டது. மருத்துவர்கள் தலை முதல் கால்வரை காப்புடை தரித்து நின்றனர். முதியோர் மருத்துவர் பலர் கொரோனா வார்டுகளுக்கு மாற்றப்பட்டனர். ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய கூட்டுப்பணி பல இடங்களில் அப்போது குலைந்தது. உறவினர் வந்து பார்ப்பதற்கும் தடை வந்தது.

இனி, விளைவுகளை நோக்குவோம். வட இத்தாலியிலிருந்து முதல் அறிக்கைகளுள் ஒன்று வந்தது. முறிவும் கொரோனாவும் ஒருங்கே கொண்டவர்கள் 16 பேர். அவர்களுள் மூவர் அறுவைக்கு முன்பே இறந்தனர். 13 பேருக்கு அறுவை நடந்தது. நால்வர் பின்னர் இறந்தனர். 9 பேர் நிலை சீரடைந்தது. அறுவைக்குப்பின் பெரும்பாலோரின் சுவாச நிலை தேறியதாக அம்மருத்துவர்கள் எழுதினர். வலி தணிந்து, நிமிர்ந்து உட்கார முடிந்தவரின் நுரையீரல் எளிதாக விரியும் என்பது இங்கு எண்ணத்தக்கது. எண்ணிக்கை சிறிது. ஆயினும் எவரும் எதுவும் அறியாத அந்த வாரங்களில், துணிந்து அறுவை செய்யலாம் என்னும் சொல் பெரிதாக இருந்தது.

ஸ்பெயின் நாட்டில் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 136 நோயாளிகளின் கணக்கைத் தந்தன. அவர்களுள் 62 பேருக்கே கொரோனாச் சோதனை நடந்தது. 23 பேருக்கு நோய் உறுதியாயிற்று. அந்த 23 பேரில் 7 பேர், சராசரி 14 நாள்கள் கவனித்த காலத்திற்குள், இறந்தனர். நோய் இல்லையெனக் கண்ட 39 பேரில் இறந்தோர் நால்வர். சோதனை செய்யப்படாத 74 பேரில் இறந்தோர் இருவர்.

ஸ்காட்லாந்தில் மார்ச் 1 முதல் ஏப்ரல் 15 வரை 6 மருத்துவமனைகளில் 317 பேர். அவர்களுள் 27 பேருக்குக் கொரோனா உறுதியாயிற்று. 30 நாள்களுக்குப் பின் உயிரோடிருந்தோர், நோயற்றவர்களில் நூற்றுக்கு 91.7, நோயுற்றவர்களில் 64.5. நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் சேர்க்கப்பட்ட அன்று நோய் ஐயம் கொள்ளப்படாதவர்கள். பின்னர் 14 நாடுகளிலிருந்து 7,090 நோயாளிகளைத் திரட்டி ஆராய்ந்தபோதும் கொரோனா உற்றவர் இறக்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ மும்மடங்கு என்று கண்டனர். நோயுற்றவர்களுள் கணிசமானோர் மருத்துவமனையிலேயே தொற்றுப் பெற்றவர்கள் என்பதும் வெளிப்பட்டது.

எல்லா வகை அறுவைகளையும் சேர்த்து நோக்கிய ஒரு பேராய்வும் மே 29-இல் வெளிவந்தது. 24 நாடுகளில் 235 மருத்துவமனைகளில் கொரோனாவுடன் அறுவைக்குள்ளான 1,128 பேரில், 30 நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 23.8. பாதிப்பேருக்கு மேல் நுரையீரற் சிக்கல் கண்டது. தள்ளிவைக்கக்கூடிய அறுவைகளைத் தள்ளிவைப்பதே நலம் என்று அவ்வாய்வாளர் கூறினர்.

மாணவ நண்பர்களே! இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கொரோனாவுடன் அறுவைக்குள்ளானோரில் மூன்றில் ஒருவர், நால்வரில் ஒருவர் இறந்தனர் என்னும் கணக்கைக் கண்டதும், அறுவைதான் கொன்றது, செய்யாதிருந்தால் பிழைத்திருப்பர் என்று ஒருவர் முடிவுகட்டலாம். தள்ளிவைக்கக்கூடிய அறுவைக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். குடலிறக்கம் ஒரு மாதம் காத்திருக்கும். முறிந்த தொடையெலும்பு காத்திராது. அறுவை செய்யாவிடின் அந்த முதியவர் நலமாக வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. கூப்பர் காலத்துப் படுக்கைக்கே திரும்புகிறார். சளி கட்டும் நுரையீரலில் கொரோனாவும் சேர்ந்துகொள்ளும். அறுவை பெற்றவரை ஒப்பிட வேண்டியது நலமுள்ளவரோடு அன்று; அறுவை பெறாத அதே நோயாளியோடு.

அவ்வாறு ஒப்பிட்டால் என்ன கிடைக்கிறது? ஸ்பெயின் கணக்கையே பாருங்கள். 136 பேரில் 124 பேருக்கு அறுவை நடந்தது; அவர்களில் 5 பேர் இறந்தனர். அறுவை செய்யப்படாதவர் 12 பேர்; அவர்களில் 8 பேர் இறந்தனர். நூற்றுக்கு 4 ஒரு பக்கம். நூற்றுக்கு 67 மறுபக்கம். இதைக் கண்டதும் அறுவைதான் காத்தது என்று எதிர்ப்பக்கம் சாய்ந்து முடிவுகட்டுதலும் தவறாகும். அறுவை செய்யப்படாத 12 பேர் யாவர்? பெரும்பாலும் அறுவையைத் தாங்கமாட்டார் என்று மருத்துவர் கருதியவர்களாகவே இருப்பர். அவர்களுள் சிலர் சாவின் விளிம்பில் இருந்திருக்கலாம். நோய் கடுமையாக இருந்ததால் அறுவை செய்யப்படவில்லையா, அறுவை செய்யப்படாததால் நோய் கடுமையாயிற்றா என்பதை இவ்வெண்கள் தாமாகச் சொல்லமாட்டா. எண்களை யார் எழுதினர், யாரைச் சேர்த்தனர், யாரை விட்டனர் என்று கேட்பது, கல்வெட்டைப் படிக்கும் சரித்திர மாணவனின் கடமை. மருத்துவக் கணக்கைப் படிப்பவனின் கடமையும் அதுவே.

எனினும் பல கணக்குகளையும் அடுக்கி வைத்து நோக்குமிடத்து, சில உண்மைகள் ஐயத்திற்கிடமின்றி நிற்கின்றன. முறிவோடு கொரோனாவும் சேர்ந்தபோது இறப்பு பன்மடங்கு மிகுந்தது. அவ்வாறு சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர், முதல் அலையிலேயே, தடுப்பூசி ஏதும் இல்லாத காலத்திலேயே, அறுவைக்குப்பின் ஒரு மாதம் கடந்து பிழைத்திருந்தனர். நோயுற்றவர் என்பதாலோ முதியவர் என்பதாலோ ஒருவரை அறுவையினின்று ஒதுக்கிவிட இக்கணக்குகள் இடந்தரவில்லை. முறிவுக்காக வந்தவர் மருத்துவமனையிலேயே நோயைப் பெற்றது, காத்திருப்பின் மற்றொரு தீங்கையும் காட்டியது. முன்பு படுக்கையிற் கழியும் ஒவ்வொரு நாளும் நிமோனியாவிற்கு இடமளித்தது. 2020-இல் வார்டிற் கழியும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கும் இடமளித்தது. விரைந்து செய்து விரைந்து அனுப்புக என்னும் பழைய விதிக்குப் புதிய காரணம் ஒன்று சேர்ந்தது.

சில மாத காலத்திற்குள் ஸ்பெயினும் ஸ்காட்லாந்தும் இவ்வளவு தெளிவான கணக்கைத் தர எப்படி இயன்றது? ஸ்காட்லாந்தில் 1993 முதலே இம்முறிவை எண்ணும் பழக்கம் இருந்தது. என்ன கேட்க வேண்டும், எந்த நாளில் கேட்க வேண்டும் என்பதை எண்ணிப் பழகியோர் அறிந்திருந்தனர். கொள்ளை நோய் வந்தபின் ஏடு வாங்கி வரி போட்டிருந்தால் அலை அதற்குள் கடந்துபோயிருக்கும். எண்ணிவந்த நாடுகளின் கணக்கே, எண்ணாத நாடுகளின் மருத்துவர்களுக்கும் அந்த இளவேனிலில் வழிகாட்டியது. நோயற்றவர்களிடையே நூற்றுக்கு 92 பேர் பிழைத்தனர் என்னும் எண், கலக்கத்தினிடையேயும் வழக்கமான பணி பெருமளவு குலையாமல் நடந்தது என்பதற்குச் சான்று.

2020 டிசம்பர் 8-ஆம் நாள், பிரிட்டனில் கவென்ட்ரி நகரில் 90 வயதான ஒரு மூதாட்டிக்குச் சோதனைகளுக்குப் புறம்பான முதல் தடுப்பூசி போடப்பட்டது. முதியோரே வரிசையில் முன்னே நின்றனர். 2023 மே 5-இல் உலகளாவிய நெருக்கடி நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அறுவைக் கூடங்கள் பழையபடி திறந்தன. இடுப்பு முறிவுகள் மட்டும் முன்னும் பின்னும் இடையிலும் ஓயாமல் வந்துகொண்டே இருந்தன.

முதியோரைப் பற்றி ஒரு சமூகம் என்ன நினைக்கிறது என்பதை அதன் பழமொழிகளைக் கொண்டு அறியலாம் என்பர். நெருக்கடியில் அது எதை நிறுத்தியது, எதை நிறுத்தவில்லை என்பதைக் கொண்டு அறிவதே இன்னும் உறுதியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு வயது வரம்பு பேசப்பட்ட அதே வாரங்களில், எண்பது வயது மூதாட்டி ஒருத்திக்காக ஒரு கூடம் திறந்திருந்தது. காப்புடைக்குள் வியர்த்தபடி நால்வர் ஐவர் அவளை எழுப்பி நிறுத்த முயன்றுகொண்டிருந்தனர். அந்தக் கூடத்தின் பின்னே கூப்பரின் நூலும், ஸ்மித்-பீட்டர்சனின் மூன்று சிறகு ஆணியும், மார்ஜரி வாரனின் பொறுமையும், பெயர் தெரியாத பல எழுத்தர்கள் நாள்தோறும் நிரப்பிய பதிவேடுகளும் இருந்தன.

உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் கணக்கராகலாம், சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமரலாம். அடுத்த கொள்ளை நோய் எந்த ஆண்டில் வரும் என்று எவராலும் கூற இயலாது. அது வரும் நாளிலும் எங்கோ ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுவார் என்பது மட்டும் உறுதி. அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அன்று புதிதாகத் தேட வேண்டியதில்லை, விடை எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவைப்பதும், நம் காலத்துக் கணக்கை அதனுடன் சேர்த்து எழுதிவைப்பதும் உங்கள் தலைமுறையின் பணியாகும்.